இலை காடாய் வளருது, கிழங்கை மட்டும் காணோம்! நைட்ரஜன் செய்யும் வேலை என்ன?

சர்க்கரைவள்ளிக் கொடியை நட்டு நாலு மாசம் ஆச்சு. தொட்டியே தெரியாத அளவுக்கு இலை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி எட்டிப் பார்த்து, "அடேயப்பா, என்ன உரம் போட்டீங்க?" என்று கேட்கிறார். ஆசையாக மண்ணைத் தோண்டினால் பென்சில் கனத்தில் நாலு வேர். கிழங்கைக் காணோம்.

வீட்டில் கிழங்கு வளர்க்கும் பலருக்கு இது நடக்கிறது. மண் சரியில்லையா, கொடி சரியில்லையா, பூச்சி தின்றுவிட்டதா என்று காரணம் தேடுவார்கள். பல நேரம் பதில் ஆன்ட்டி கேட்ட கேள்வியிலேயே இருக்கும்.

என்ன உரம் போட்டீங்க? எவ்வளவு போட்டீங்க? எப்போது போட்டீங்க?

சிங்கப்பூரில் தோட்டம் போடும் ஆர்வம் கூடிக்கொண்டே வருகிறது. தேசியப் பூங்காக் கழகம் 2005இல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. 2016 முதல் தனிநபர்களுக்கு 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் பாத்திகளை வாடகைக்கு விடுகிறது. 2020இல், கிருமிப்பரவல் சமயத்தில், விருப்பம் தெரிவித்த வீடுகளுக்குக் கீரை விதைகளும் காய்கறி விதைகளும் வந்து சேர்ந்தன. நம்மில் பலர் தோட்டம் போடக் கற்றுக்கொண்டதே கங்கோங், சாய் சிம் மாதிரியான கீரைகளில்தான்.

சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். கீரைக்கு நல்லது செய்யும் அதே பழக்கம், கிழங்குக்கு எதிராக வேலை செய்யும்.

தமிழ்ப் பெயரே சொல்லிவிடுகிறது

உரப் பையின் மேல் 15-15-15 அல்லது 12-12-17 என்று எண்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எண் நைட்ரஜன், இரண்டாவது பாஸ்பரஸ், மூன்றாவது பொட்டாசியம்.

தமிழ்நாட்டு வேளாண் துறையில் இவற்றுக்கு அழகான பெயர்கள் உண்டு. பாஸ்பரஸ் மணிச்சத்து. பொட்டாசியம் சாம்பல்சத்து. நைட்ரஜன்? தழைச்சத்து.

தழை என்றால் இலை. தழை வளர்க்கும் சத்து என்பதால் தழைச்சத்து. பள்ளியில் 'நைட்ரஜன்' என்று மட்டும் படித்த எனக்கு, இந்தச் சொல்லைக் கேட்டபோதுதான் விஷயம் சட்டென்று பிடிபட்டது. இலைக்கான சத்தைக் கொட்டினால் இலைதான் வரும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

ஆனால் 'இலைக்குப் போனது, கிழங்குக்குப் போகவில்லை' என்று சொல்லி முடித்துவிட முடியாது. இலை நிறைய இருந்தால் சர்க்கரையும் நிறையத் தயாராகும்தானே? அது ஏன் கீழே இறங்கிக் கிழங்காகவில்லை?

கிழங்கு எங்கிருந்து வருகிறது?

கிழங்கு மண்ணிலிருந்து வருவதாக நமக்கு ஒரு நினைப்பு. உண்மையில் அதிலுள்ள மாவுச்சத்து முழுவதும் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்தது.

இலை வெயிலைப் பிடித்து, காற்றில் உள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சிய தண்ணீரையும் சேர்த்துச் சர்க்கரை செய்கிறது. அதுதான் ஒளிச்சேர்க்கை. அந்தச் சர்க்கரை, நாம் காப்பியில் போடுகிறோமே அதே சுக்ரோஸ்தான், புளோயம் எனப்படும் நுண்குழாய்கள் வழியாகச் செடியின் மற்ற பாகங்களுக்குப் போகிறது.

போகும் இடத்தில் மூன்றில் ஒன்று நடக்கும். ஒன்று, அந்த இடத்தின் அன்றாடச் செலவுக்கு எரிக்கப்படும். இரண்டு, புது இலை, புதுத் தண்டு, புது வேர் கட்டப் பயன்படும். மூன்று, சேமித்து வைக்கப்படும்.

அந்தச் சேமிப்புதான் நாம் சாப்பிடும் கிழங்கு. சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் சர்க்கரையை மாவுச்சத்தாக மாற்றி வேரில் வைக்கின்றன. ஐரோப்பாவில் சர்க்கரை எடுக்கப் பயிரிடும் பீட்ரூட் வகை, சுக்ரோஸை அப்படியே வேரில் வைக்கிறது. (உருளைக்கிழங்கு வேர் அல்ல, மண்ணுக்குள் வளரும் தண்டு. ஆனாலும் அங்கும் கதை ஏறக்குறைய இதேதான்.)

செடியின் சம்பளமும் சேமிப்பும்

சர்க்கரையைச் செடியின் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கெல்லாம் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே மத்திய சேம நிதிக்கு ஒரு பங்கு போய்விடும். செடிக்கு அப்படிக் கட்டாயப் பிடித்தம் ஏதும் இல்லை. செலவழிக்க வாய்ப்பு இருக்கும்வரை செலவழிக்கும்.

அந்தச் செலவுக்கு வாய்ப்பைத் திறந்துவிடுவதுதான் நைட்ரஜன்.

புது இலை கட்டச் சர்க்கரை மட்டும் போதாது. புரதம் வேண்டும். புரதத்துக்கு அமினோ அமிலம் வேண்டும். அமினோ அமிலம் என்பது, சர்க்கரையிலிருந்து வந்த கார்பன் எலும்புக்கூட்டில் நைட்ரஜனை ஒட்டவைத்தது. நைட்ரஜன் இல்லாவிட்டால் எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் புது இலை வராது. கட்டடம் கட்டக் காசு இருக்கிறது, சிமெண்ட் இல்லை என்ற நிலை.

ஒளிச்சேர்க்கைக்கும் நைட்ரஜன் தேவை. கரியமில வாயுவைப் பிடிக்கும் ருபிஸ்கோ என்ற புரதம் உலகிலேயே மிக அதிகமாகக் கிடைக்கும் புரதங்களில் ஒன்று. பல செடிகளில், இலையில் உள்ள நைட்ரஜனில் ஏறக்குறைய கால்வாசி அதற்குள்தான் இருக்கிறது. பச்சையத்திலும் நைட்ரஜன் உண்டு. நைட்ரஜன் குறைந்த செடியின் இலை மஞ்சளாவது அதனால்தான்.

இப்போது நைட்ரஜனைத் தாராளமாகக் கொடுக்கிறீர்கள். என்ன நடக்கும்?

வேர் அதை உறிஞ்சுகிறது. பெரும்பாலும் நைட்ரேட் வடிவத்தில். அதை அமினோ அமிலமாக மாற்றவே செடி நிறைய ஆற்றல் செலவழிக்க வேண்டும், கார்பனும் கொடுக்க வேண்டும். அந்த இரண்டுமே சர்க்கரைக் கணக்கிலிருந்து போகின்றன. பிறகு அந்த அமினோ அமிலத்தைக் கொண்டு புது இலை, புதுத் தண்டு. அவை வளரும்வரை அவற்றுக்கும் தீனி போட வேண்டும்.

இதற்கிடையில் நைட்ரேட் கிடைத்த வேர், சைட்டோகைனின் என்ற ஹார்மோனை மேலே அனுப்புகிறது. "சரக்கு வந்தாச்சு, வேலையை ஆரம்பிக்கலாம்" என்று சொல்வதைப் போல. மேலே கிளைகள் வெடிக்கின்றன, இலைகள் விரிகின்றன.

ஆக, கிழங்குக்குக் கிடைப்பது வெறும் மிச்சம் மட்டும் அல்ல. எதைக் கட்டுவது, எதைத் தள்ளிப் போடுவது என்ற முடிவே மாறுகிறது. சர்க்கரை நிறையத் தயாராகிறது. ஆனால் தயாரான இடத்துக்குப் பக்கத்திலேயே செலவாகிவிடுகிறது.

பட்டினி போட்டால்?

சரி, நைட்ரஜனே வேண்டாம் என்று விட்டுவிட்டால் கிழங்கு பெருக்குமா?

ஓரளவுக்கு, ஆமாம். இங்கே செடி செய்வது சுவாரஸ்யமானது. நைட்ரஜன் குறையும்போது முதலில் அடிபடுவது ஒளிச்சேர்க்கை அல்ல, வளர்ச்சி. இலை கட்டும் வேலை நின்றுவிடும், ஆனால் ஏற்கெனவே இருக்கும் இலைகள் இன்னும் கொஞ்ச நாள் சர்க்கரை செய்துகொண்டே இருக்கும். வரவு இருக்கிறது, செலவழிக்க வழியில்லை. அப்படித் தேங்கும் சர்க்கரையில் ஒரு பகுதி இலையிலேயே மாவுச்சத்தாகத் தங்கும். இன்னொரு பகுதி வேருக்கு இறங்கும்.

செடிக்கு அதில் லாபமும் உண்டு. நைட்ரஜன் மண்ணில்தான் இருக்கிறது. அதைத் தேடிப்போக வேர் வேண்டும். அதனால்தான் சத்துக் குறைந்த மண்ணில் வளரும் செடிகளுக்கு மேல்பாகம் சிறுத்தும், அதோடு ஒப்பிடும்போது வேர்ப்பாகம் பெருத்தும் இருக்கும்.

ஆனால் பட்டினி நீண்டால் கதை மாறும். இலையில் சர்க்கரை தேங்கத் தேங்க, ஒளிச்சேர்க்கை இயந்திரத்தையே செடி குறைத்துக்கொள்ளும். பழைய இலைகளிலிருந்து நைட்ரஜனை உருவிப் புது இலைகளுக்குக் கொடுக்கும். இலை மஞ்சளாகி உதிரும். சம்பளமே குறைந்துபோனபின், அதில் எத்தனை விழுக்காடு சேமித்து என்ன பயன்?

எனவே குறைந்தாலும் கிழங்கு இல்லை, கூடினாலும் கிழங்கு இல்லை. நடுவில் எங்கோ ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவைவிட முக்கியம், அது எப்போது கிடைக்கிறது என்பது.

கிழங்கிலிருந்து மறுபடி தண்டு

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு உருளைக்கிழங்கில் ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. எனக்கு இந்தத் தலைப்பிலேயே மிகப் பிடித்த பகுதி இதுதான்.

ஜெர்மனியில் ஹோர்ஸ்ட் மார்ஷ்னரும் சக ஆய்வாளர்களும் 1970களில் தொடங்கி இதைச் செய்தார்கள். செடிகளின் சத்து பற்றி மார்ஷ்னர் எழுதிய பாடநூல் இன்றும் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. அவர்கள் உருளைச் செடியை மண்ணில் வைக்காமல், சத்துகள் கரைந்த தண்ணீரில் வளர்த்தார்கள். அப்படிச் செய்தால் நைட்ரஜனைக் குழாய் திறப்பதுபோல் விடலாம், மூடலாம்.

நைட்ரஜன் தொடர்ந்து கிடைத்தவரை கிழங்கு பிடிக்கவில்லை. மண்ணுக்குள் ஓடவேண்டிய தண்டுகள் நீண்டுகொண்டே போயின. நைட்ரஜனை நிறுத்தினார்கள். சில நாளில் அந்தத் தண்டுகளின் நுனி பருக்கத் தொடங்கியது. கிழங்கு வந்துவிட்டது.

பிறகு மறுபடி நைட்ரஜனைத் திறந்துவிட்டார்கள். பருத்துக்கொண்டிருந்த கிழங்கின் நுனியிலிருந்து மறுபடி தண்டு கிளம்பியது! மீண்டும் நிறுத்தினால் அந்தத் தண்டின் நுனியில் இன்னொரு கிழங்கு. மாற்றி மாற்றிச் செய்தபோது, மணிமாலைபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழங்குகள்.

அதாவது, கிழங்காவதா, தண்டாகவே நீள்வதா என்ற முடிவைச் செடி ஒருமுறை எடுத்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. நைட்ரஜன் வரவைப் பார்த்துப் பார்த்து மாற்றிக்கொள்கிறது. இதற்குப் பின்னால் ஹார்மோன்கள் உண்டு. நைட்ரஜன் தாராளமாக இருக்கும்போது தண்டை நீளவைக்கும் ஜிப்பரெலின் ஓங்கியிருக்கும். கிழங்கு பிடிக்க அது தாழவேண்டும்.

பென்சில் வேர் என்பது ஒரு முடிவு

நம் சர்க்கரைவள்ளிக்கு வருவோம்.

கொடியின் துண்டை மண்ணில் நட்டால், கணுக்களிலிருந்து வேர்கள் விடும. அவை எல்லாமே கிழங்காவதில்லை. சில மெல்லிய வேர்களாகவே இருந்து தண்ணீரும் சத்தும் உறிஞ்சும். சில ஓரளவு தடித்து, நார்போல் இறுகி நின்றுவிடும். இவற்றைத்தான் விவசாயிகள் பென்சில் வேர் என்கிறார்கள். மிச்சம் உள்ள சில மட்டுமே பருத்துக் கிழங்காகும்.

யார் எந்தப் பக்கம் போவது என்பது நட்ட முதல் சில வாரங்களிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. வேரின் உள்ளே உயிரணுக்கள் பிரிந்து பெருகினால், மாவுச்சத்தை நிரப்ப இடம் கிடைக்கும். கிழங்கு வரும். அதற்குப் பதில் லிக்னின் படிந்து வேரின் நடுப்பகுதி மரம்போல் இறுகிவிட்டால், பிறகு எவ்வளவு சர்க்கரை வந்தாலும் வைக்க இடமில்லை. லிக்னின் என்பது மரத்துக்கு உறுதி தரும் அதே பொருள்தான்.

அந்த முதல் வாரங்களில் நைட்ரஜன் மிதமிஞ்சி இருந்தால், வேர் இறுகும் பக்கம் சாய்கிறது. மண் இறுக்கமாகவும் ஈரம் சொதசொதவென்றும் இருந்தாலும் அப்படித்தான்.

நாம் பெரும்பாலும் செய்வதென்ன? நட்ட உடனே, "சின்னச் செடி, பாவம்" என்று கோழி எருவைத் தாராளமாகப் போடுகிறோம். ஒரு வாரம் கழித்து இன்னொரு கைப்பிடி. பார்க்கும்போது செடி ஜோராக வளர்கிறது. மண்ணுக்குள் முடிவு எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது. நாலு மாசம் கழித்துத்தான் நமக்குத் தெரியவருகிறது.

காசு சம்பந்தப்பட்டால் கணக்கு கறாராகும்

நமக்கு நாலு கிழங்கு போனால் போகட்டும். அதையே நம்பிப் பிழைப்பவர்களுக்கு?

உலகில் தயாராகும் சர்க்கரையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, கரும்பிலிருந்து அல்ல, பீட்டிலிருந்து வருகிறது. குளிர்நாட்டுப் பயிர் அது. பீட்டில் இருக்கும் சர்க்கரையும் கரும்புச் சர்க்கரையும் ஒன்றுதான் என்று 1747இல் பெர்லினில் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரியாஸ் மார்க்கிராஃப் என்ற வேதியியலாளர்.

ஐரோப்பாவில் பீட் விவசாயிக்கு எடையை மட்டும் பார்த்துக் காசு கொடுப்பதில்லை. வேரில் சர்க்கரை எத்தனை விழுக்காடு என்று சோதித்துத்தான் விலை. நைட்ரஜன் அதிகம் போட்டால் வேர் பெரிதாகலாம், ஆனால் சர்க்கரை விழுக்காடு இறங்கும்.

ஒரு கணக்குக்கு, ஒரு ஹெக்டேரில் 60 டன் வேர், அதில் 18 விழுக்காடு சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை 10.8 டன். இன்னும் கொஞ்சம் உரம் போட்டு 65 டன் வேர் எடுக்கிறீர்கள், ஆனால் சர்க்கரை 16.5 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. மொத்தம் சுமார் 10.7 டன். உரத்துக்குக் காசு, 5 டன் கூடுதல் எடையை லாரியில் ஏற்றக் காசு, கிடைத்த சர்க்கரையோ கொஞ்சம் குறைவு.

அதோடு முடியவில்லை. செலவாகாத நைட்ரஜன் அமினோ அமிலங்களாக வேரிலேயே தங்கும். ஆலையில் சாறு காய்ச்சும்போது அவை சர்க்கரையைச் சரியாகப் படிகமாக விடாது. படிகமாகாத சர்க்கரை கழிவுப்பாகோடு போய்விடும். வேரில் இருந்தும் கைக்கு வராத சர்க்கரை!

பிரிட்டனில் பீட் விவசாயிகள் 1970களில் போட்டதைவிட இன்று குறைவான நைட்ரஜனே போடுகிறார்கள். விளைச்சலோ கூடியிருக்கிறது. நல்ல ரகங்கள் வந்தது பெரிய காரணம். ஆனால் உரத்தைக் குறைத்ததால் நட்டமில்லை என்பதும் அதிலேயே தெரிகிறது.

தாத்தா பாட்டி சாப்பிட்ட மரவள்ளி

கிழங்கு பற்றிப் பேசினால் நம் வீட்டுப் பெரியவர்கள் சிலருக்கு இன்னும் முகம் மாறும். 1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் ஆட்சியில், சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அரிசி தட்டுப்பாடு. கிடைத்த நிலத்தில் எல்லாம் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நடச் சொன்னார்கள். மூன்று வேளையும் ஊபி காயு சாப்பிட்ட கதையைக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் இங்கே நிறைய.

ஏன் குறிப்பாக இந்த இரண்டும்? நட விதை வேண்டாம், தண்டு வெட்டி நட்டால் போதும். பராமரிப்பு குறைவு. இன்னொன்று, உரம் இல்லாத வறிய மண்ணிலும் இவை கொஞ்சமாவது கிழங்கு கொடுக்கும். நைட்ரஜன் குறைந்தால் இலையைக் கட்டுவதை விட்டுவிட்டு வேரில் சேமிக்கும் அந்தக் குணம், அன்று பலரின் வயிற்றை நிரப்பியது. நெல்லால் அது முடியாது. தானியத்தில் புரதம் வைக்கவே அதற்கு நைட்ரஜன் வேண்டும்.

ஆனால் அதே காரணத்தால்தான் அந்தச் சாப்பாட்டில் சத்தும் குறைவு. வயிறு நிறையும், உடம்பு தேறாது. மரவள்ளிக்கிழங்கில் மாவுச்சத்து ஏராளம், புரதம் மிக மிகக் குறைவு.

மரவள்ளியில் இன்னொரு விஷயமும் உண்டு. அதிலுள்ள லினமரின் என்ற பொருள் உடையும்போது சயனைடு வெளியாகும். கசப்பு ரகங்களை ஊறவைத்து, நன்றாக வேகவைத்துச் சாப்பிடச் சொல்வது அதற்காகத்தான். லினமரின் மூலக்கூறிலும் ஒரு நைட்ரஜன் அணு இருக்கிறது. செடிக்கு அது பூச்சி, எலியிடமிருந்து பாதுகாப்பு. நமக்கு, தோல் நீக்கி முழுதாக வேகவைக்க வேண்டும் என்ற நினைவூட்டல்.

மிஞ்சிய நைட்ரஜன் எங்கே போகிறது?

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான், ஆனால் செடியால் அதை நேரடியாக எடுக்க முடியாது. அதை அம்மோனியாவாக மாற்றும் வழியை ஃபிரிட்ஸ் ஹாபர் 1909இல் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார். கார்ல் போஷ் அதை ஆலையளவுக்குக் கொண்டுபோனார், 1913இல் உற்பத்தி தொடங்கியது. இன்று மலேசியாவில் பிந்துலு, குருன், சிப்பித்தாங் ஆகிய இடங்களில் உள்ள ஆலைகளில் இயற்கை எரிவாயுவிலிருந்து யூரியா தயாராகிறது. எரிவாயு விலை ஏறினால் உர விலையும் ஏறும். 2022இல் உலகம் அதைப் பார்த்தது.

இவ்வளவு செலவில் செய்த பொருளைச் செடி எடுத்துக்கொள்ளாவிட்டால், மழை எடுத்துக்கொண்டு போகும். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை. நைட்ரேட் தண்ணீரில் எளிதாகக் கரையும். தொட்டியின் அடி ஓட்டை வழியாக வடிகாலுக்கு, அங்கிருந்து நீர்த்தேக்கத்துக்கு. அங்கே பாசி வளர அதுதான் உரம். இன்னொரு பகுதியை மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவாக மாற்றும். பூமியைச் சூடாக்குவதில் அந்த வாயு, அதே எடை கரியமில வாயுவைவிட நூறாண்டுக் கணக்கில் சுமார் 270 மடங்கு பலமானது.

சரி, எவ்வளவு போடலாம்?

பயிர்களுக்கு உர அளவை ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்று சொல்வார்கள். சர்க்கரைவள்ளிக்கு ஹெக்டேருக்கு 50 கிலோ நைட்ரஜன் என்று எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டருக்கு 5 கிராம். மேலே சொன்ன வாடகைப் பாத்தி 2.5 சதுர மீட்டர், ஆகவே 12.5 கிராம் நைட்ரஜன். 15-15-15 உரமாகப் போட்டால் சுமார் 83 கிராம். யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன் என்பதால், அதுவாக இருந்தால் வெறும் 27 கிராம். இரண்டரை மேசைக்கரண்டி.

முழு நாலு மாசத்துக்கும் அவ்வளவுதான். வாரம் ஒரு கைப்பிடி போடுபவர்கள் ஒருமுறை பெருக்கிப் பார்க்கலாம்.

தொட்டிக்கு வாங்கும் மண் கலவையில் பெரும்பாலும் கம்போஸ்ட் ஏற்கெனவே கலந்திருக்கும். அதிலும் நைட்ரஜன் உண்டு. பையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேற்கொண்டு உரம் போடுவது நல்லது. முன்பு அதே பாத்தியில் கீரை போட்டு நிறைய எரு கொடுத்திருந்தால், கிழங்குக்குத் தனியாக எதுவுமே தேவைப்படாமலும் போகலாம்.

நட்டவுடன் கொட்ட வேண்டாம். கொடி வேர்பிடித்து நிமிரும் அளவுக்குக் கொஞ்சம் போதும். கிழங்கு பருக்கத் தொடங்கியபின் நைட்ரஜன் பக்கம் போகாமல், மூன்றாவது எண் பெரிதாக இருக்கும் உரமாகப் பார்க்கலாம். பொட்டாசியம், சர்க்கரையைக் குழாயில் ஏற்றி அனுப்பவும், அதை மாவுச்சத்தாகக் கோக்கும் நொதிக்கும் உதவுகிறது. கிழங்குப் பயிர்கள் மண்ணிலிருந்து அதை நிறைய எடுத்துக்கொள்ளும்.

வீவக தாழ்வாரத்தில் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பாதி நாள்தான் வெயில் என்றால், பிரச்சினை உரத்தில் இல்லை. வெயில் குறைந்தால் சர்க்கரையே குறைவாகத்தான் தயாராகும். அந்தக் குறைந்த வருமானத்தில் நைட்ரஜனையும் கொட்டினால், செடி எல்லாவற்றையும் நிழலிலிருந்து தப்பிக்க நீளும் கொடியிலேயே செலவழித்துவிடும். வெயில் இல்லாத இடத்தில் கிழங்கைவிடக் கீரையே மேல்.

கீரை என்றதும் ஞாபகம் வருகிறது. சர்க்கரைவள்ளி இலையே நல்ல கீரை. ஈரச்சந்தையில் கட்டுக்கட்டாக விற்கிறார்கள், சம்பால் போட்டுப் பிரட்டினால் சோறு தானாக இறங்கும். கொடி ஏற்கெனவே காடாகிவிட்டது, மூன்று மாசம் ஓடிவிட்டது, கிழங்குக்கு இனி நம்பிக்கையில்லை என்றால், தாராளமாக இளநுனிகளைக் கிள்ளி வாணலியில் போடுங்கள். போட்ட உரம் வீணில்லை.

ஆனால் அடியில் கிழங்கு இருக்கிறது என்று தெரிந்தால் கிள்ளும்போது கை கொஞ்சம் அடங்கட்டும். கிழங்குக்குச் சர்க்கரை அனுப்புவது அந்த இலைகள்தான்.